வட்டம் சுற்றி ஜெயித்த இன்ஜினியர்

விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இருந்தாக வேண்டும். விசுவேசுவரய்யாவைப் பற்றியும் ஜி.டி. நாயுடுவைப் பற்றியும் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. ஆகவே இந்த முறை வேறு ஒருவரை உங்களிடம் அழைத்து வந்திருக்கிறேன். பெயர் மார்க் டானஹியூ. அமெரிக்கர். கார் பந்தய வீரர். 1975-ல் தமது 38-ஆவது வயதில் மறைந்தவர்.

பந்தயக்காரருக்கும் பழைய மாணவர் மலருக்கும் என்ன சம்பந்தம் என்று மூத்தவர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அவர் நம்மைப் போல மெக்கானிகல் இன்ஜினியர். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1959-ல் பட்டம் வாங்கியவர். வகுப்பில் படித்ததைப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடாமல், கார் ஓட்டும்போது கூடவே எடுத்துக்கொண்டு போனவர். வாகனங்களைச் சோதிக்கும் வேலையிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவரிடம் நான் கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் கற்றதற்குக் குறைந்ததில்லை.

நியூஜெர்சி மாநிலத்தில் 1937 மார்ச் 18-ஆம் தேதி பிறந்தார். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அவரிடம் 1957-ஆம் வருஷத்து கார்வெட் கார் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஒரு மலையேற்றப் போட்டிக்குப் போனார். கலந்துகொண்ட முதல் போட்டியிலேயே முதலிடம். அதற்குப் பிறகு 1961-ல், எல்வா கூரியர் என்ற சின்ன காரில், அமெச்சூர் ஓட்டுநர்களுக்கான தேசிய சாம்பியன் பட்டமும் கிடைத்தது. படிப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், வார இறுதியில் பந்தயம் என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை அது.

அவரைக் கைதூக்கிவிட்டவர் வால்ட் ஹான்ஸ்கன் என்ற மூத்த ஓட்டுநர். அந்த ஹான்ஸ்கன் 1966 ஏப்ரலில் பிரான்சில் லெமான் சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ரோஜர் பென்ஸ்கே என்பவர் டானஹியூவைத் தம்மோடு சேரும்படி கேட்டார். பென்ஸ்கேயும் பழைய பந்தய வீரர்தான். அப்போதுதான் சொந்தமாக அணி தொடங்கியிருந்தார். ஒருவர் வியாபாரம் தெரிந்தவர், மற்றவர் மெஷின் தெரிந்தவர். இந்த ஜோடி அடுத்த ஒன்பது வருஷம் அமெரிக்கப் பந்தய உலகத்தையே புரட்டிப் போட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் காரை மெக்கானிக்கிடம் விடும்போது என்ன சொல்கிறோம்? வண்டி ஒரு பக்கமா இழுக்குது, ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுது, வளைவுல வால் வீசுது. இவ்வளவுதான் சொல்வோம். அந்தக் காலத்துப் பந்தய ஓட்டுநர்களில் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். மெக்கானிக் எதையாவது மாற்றுவார். மறுநாள் வண்டி நன்றாக ஓடினால் சந்தோஷம். எதனால் நன்றாக ஓடியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நிஜமான ஓட்டுநன் என்றால் எந்த வண்டியைக் கொடுத்தாலும் கைத்திறனாலேயே சமாளித்து ஓட்டிவிட வேண்டும் என்ற ஒரு வீராப்பும் அப்போது உண்டு.

டானஹியூவுக்கு இந்த வீராப்பு இல்லை. தாம் பிறவி மேதை என்று அவர் நினைத்துக்கொண்டதும் இல்லை. தம்மைவிடக் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கலாம், ஆனால் தம்முடைய வண்டி அவர்கள் வண்டியைவிடச் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. எதிராளியிடம் இல்லாத ஒரு அனுகூலத்தைப் பந்தயத்துக்கு முன்பே, ஆள் இல்லாத மைதானத்தில் சம்பாதித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். பிற்பாடு எழுதிய புத்தகத்துக்கும் அவர் நியாயமற்ற அனுகூலம் என்ற பொருள்படத்தான் பெயர் வைத்தார்.

அந்த அனுகூலத்தைச் சம்பாதித்த இடங்களில் முக்கியமானது ஸ்கிட் பேட். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். தட்டையான தார்த் தரை, அதில் வரைந்த ஒரு பெரிய வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தின் மேலேயே காரை ஓட்ட வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இனிமேல் கூட்டினால் வண்டி கோட்டை விட்டு விலகிவிடும் என்ற எல்லையில் நிறுத்தி, ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். செக்கு மாடு மாதிரி சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இதில் நம் முதலாம் ஆண்டு பௌதிகம் அப்படியே இருக்கிறது.

வட்டத்தின் ஆரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 11 விநாடி ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம், அதாவது 1 ஜி. இப்போது சஸ்பென்ஷனில் ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி ஓட்டுகிறோம். 10.5 விநாடியில் சுற்றி வந்துவிட்டால் அது சுமார் 1.1 ஜி. அரை விநாடியில் பத்து சதவீதம் பிடிமானம் கூடியிருக்கிறது. ஓட்டுநருக்கு நன்றாக இருந்ததா, இல்லையா என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை. கடிகாரம் சொல்லிவிட்டது.

எல்லையில் ஓடும்போது எந்தப் பக்கம் முதலில் நழுவுகிறது என்பதும் அங்கே தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினாலும் வண்டி கேட்காமல் வட்டத்துக்கு வெளியே நேராகப் போகப் பார்த்தால், முன் டயர்கள் முதலில் தோற்றுவிட்டன. அதற்கு அண்டர்ஸ்டீயர் என்று பெயர். பின்பக்கம் வால் வீசினால் ஓவர்ஸ்டீயர். முன்பக்க ஆன்டி-ரோல் பாரை ஒரு படி மெல்லியதாக்கினால், வளைவில் முன் வெளி டயரின் மேல் ஏறும் பாரம் குறைந்து, முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும். அல்லது பின்பக்கப் பாரைத் தடிப்பாக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக் கூடாது. செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதை உடனே நோட்டில் எழுது, பலன் இல்லையென்றால் பழைய நிலைக்கே திரும்பிப் போ. இதுதான் டானஹியூவின் வேலைமுறை. கேட்க எளிது. மாலை நாலு மணிக்கு, எல்லோரும் களைத்துப்போய், பொழுது சாயும் அவசரத்தில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சோதனை மைதானத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சுற்றி முடித்ததும் டயரின் வெப்பத்தை உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று மூன்று இடத்தில் ஊசி வைத்து அளப்பார்கள். நடுவில் சூடு அதிகம் என்றால் காற்று அதிகம். வெளி விளிம்பில் மட்டும் சூடு ஏறினால், சக்கரத்தின் தலைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்க்க வேண்டும், அதாவது கேம்பரைத் திருத்த வேண்டும். டயர் வாய் திறந்து பேசாது. இந்த மூன்று எண்கள்தான் அதன் பேச்சு.

ஸ்டீயரிங்கில் இன்னொரு நோய் உண்டு. அதற்கு பம்ப் ஸ்டீயர் என்று பெயர். நாம் ஸ்டீயரிங்கை ஆடாமல் பிடித்திருந்தாலும், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். டை ராடின் நீளமும் உயரமும் சஸ்பென்ஷன் கைகளோடு ஒத்துப்போகாததால் வரும் வினை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஒரு மெல்லிய ஷிம் வைத்தாலே பாதி சரியாகிவிடும். நேர்ச்சாலையில் ஓட்டுநர் பயந்து பயந்து ஓட்டுகிறாரே, தைரியம் போதவில்லையோ என்று எண்ணத் தோன்றும். கடைசியில் பார்த்தால் குறை ஷிம்மில் இருக்கும். என் வேலையில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இந்த முறைகளையெல்லாம் டானஹியூ தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. 1967-லிருந்து செவ்ரோலே நிறுவனத்து ஆய்வுப் பொறியாளர்களோடு சேர்ந்து வேலை செய்தபோது பழகிக்கொண்டவை பல. அவருடைய தனிச்சிறப்பு, அளக்கிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆளாக இருந்ததுதான். நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பலன் என்ன? 1967, 1968 இரண்டு வருஷமும் அமெரிக்க ரோடு ரேசிங் சாம்பியன். டிரான்ஸ்-ஆம் என்ற போட்டித் தொடரில் 1968-ல் 13 பந்தயங்களில் 10-ஐ கமாரோ காரில் ஜெயித்தார். 1969-லும் அதே பட்டம். அந்த வருஷமே டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் சக் பார்சன்சோடு சேர்ந்து லோலா காரில் முதலிடம். பிறகு அணி ஏ.எம்.சி. நிறுவனத்தின் ஜாவலின் காருக்கு மாறியது. குடும்பக் கார் செய்கிறவர்கள் என்று பேர் வாங்கிய கம்பெனி அது. 1971-ல் அந்தக் காரிலும் சாம்பியன். அவர் பேரையே தாங்கி 2,501 ஜாவலின் கார்கள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. 1971 செப்டம்பரில் கனடாவில் தமது முதல் பார்முலா ஒன் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். 1972-ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் மணிக்கு சராசரி 162.962 மைல் வேகத்தில் முதலிடம். அந்த வேகத்தைப் பன்னிரண்டு வருஷம் யாரும் தாண்டவில்லை. பென்ஸ்கே அணி அந்தப் பந்தயத்தில் இன்றுவரை வாங்கிக் குவித்த வெற்றிகளுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

உச்சம் என்று சொன்னால் போர்ஷே 917-தான். 1971-ன் இறுதியிலிருந்து ஜெர்மனியில் வைசாக் என்ற ஊரில் உள்ள போர்ஷே சோதனைத் தளத்தில், ஹெல்முட் பிளெக்ல் முதலிய பொறியாளர்களோடு சேர்ந்து அந்தக் காரின் டர்போ வடிவத்தை வளர்த்தார். ஆரம்பத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரம் கழித்து மொத்தச் சக்தியும் ஒரே அடியாக வந்து விழும். வளைவின் நடுவில் அப்படி வந்தால் என்ன ஆகும்? அதைப் பணிய வைக்க மாதக்கணக்கில் பாடுபட்டார்கள்.

சரி, வண்டி தயாராகிவிட்டது, ஜெயிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில், 1972 ஜூலையில் ரோடு அட்லாண்டாவில் ஒரு சோதனை ஓட்டம். பின்பக்க மூடி கழன்று பறந்துவிட்டது. வண்டி சிதறியது. டானஹியூவுக்கு முழங்காலில் பலமான அடி. அவருடைய இடத்தில் ஜார்ஜ் பால்மர் ஓட்டி, அந்த வருஷத்துக் கான்-ஆம் பட்டத்தை வாங்கிவிட்டார். தாம் பாலூட்டி வளர்த்த வண்டியில் இன்னொருவர் கோப்பை வாங்குவதைக் கட்டுப் போட்ட காலோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை. நம்மில் யாராக இருந்தாலும் நொந்துபோயிருப்போம்.

அவர் அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டார். அதுதான் 917/30. 5.4 லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 1100 குதிரைத்திறன். அவ்வளவு சக்தியைக் குட்டையான வண்டியில் வைத்தால் அது பம்பரமாகிவிடும். ஆகவே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு சோதனைச் சட்டத்தை போர்ஷே செய்தது. அதில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் 2500 மில்லிமீட்டர் என்று நீட்டி முடிவு செய்தார்கள். 1973-ல் முதல் இரண்டு பந்தயங்களில் சறுக்கல். பிறகு வரிசையாக ஆறு வெற்றி. பட்டம் அவருக்கே.

வண்டியால்தானே ஜெயித்தார், இவரிடம் என்ன இருக்கிறது என்று பேசியவர்களும் இருந்தார்கள். அதற்கும் பதில் கிடைத்தது. 1973-74-ல் ஐராக் என்ற புதுப் போட்டி தொடங்கியது. இண்டியானாபொலிஸ், ஸ்டாக் கார், பார்முலா ஒன் என்று பல துறைகளின் பெரிய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி போர்ஷே கார்கள். யாருக்கும் தனி அனுகூலம் கிடையாது. நான்கு பந்தயங்களில் மூன்றை டானஹியூ ஜெயித்தார். வண்டியைப் புரிந்துகொள்ளச் செலவழித்த அத்தனை வருஷமும் அவரையே நல்ல ஓட்டுநராக்கியிருந்தது என்பது என் எண்ணம். டயரின் பிடிமானம் நம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு இவ்வளவு, திருப்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு போட வேண்டும். மொத்தம் அதே தொகைதான். எல்லை எங்கே என்று அளந்து தெரிந்துகொண்டவருக்குக் கடைசிக் காசு வரை செலவழிக்கும் தைரியம் வரும்.

அத்தோடு ஓய்வு பெற்று, அணியின் நிர்வாகத்தைப் பார்க்கப் போனார். ஆனால் மனம் நிற்கவில்லை. பென்ஸ்கே பார்முலா ஒன்னில் இறங்கியதும், 1974 செப்டம்பரில் மறுபடி ஹெல்மெட்டை மாட்டினார். இந்த முறை அவருடைய வித்தை சுலபமாகப் பலிக்கவில்லை. சொந்தமாகச் செய்த கார் எவ்வளவு திருத்தியும் வேகம் கொடுக்கவில்லை. 1975-ல் ஸ்வீடனில் ஐந்தாவது இடம். பிறகு மார்ச் காருக்கு மாறி பிரிட்டனிலும் ஐந்தாவது. ஆனாலும் ஆகஸ்ட் 9-ஆம் தேதி டல்லடேகா ஓடுதளத்தில் பழைய 917/30-ஐ எடுத்து மணிக்கு 221 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 356 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார்.

அதற்கு எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17, ஆஸ்திரியாவில் பந்தய நாள் காலை ஒத்திகை ஓட்டம். அதிவேகத்தில் ஒரு டயர் காற்றிழந்தது. கார் தடத்தை விட்டுத் தடுப்புகளில் மோதியது. தடத்தின் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். டானஹியூ முதலில் சுயநினைவோடுதான் இருந்தார். பிறகு தலைவலி அதிகமாகி, மூளையில் இரத்தக் கசிவு என்று தெரிந்து, கிராட்ஸ் நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆகஸ்ட் 19-ஆம் தேதி காலமானார்.

எனக்கு இதில் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 1969-ல் போர்ஷே 917 வந்த புதிதில் நேர்ச்சாலையிலேயே அலைபாய்ந்து ஓட்டுநர்களைக் கலங்க வைத்தது. சஸ்பென்ஷனில் என்ன செய்தும் அடங்கவில்லை. அந்த அக்டோபரில் ஒரு சோதனையின்போது, காரின் முன்பக்கம் எல்லாம் பூச்சிகள் மோதிச் செத்துக் கிடக்க, பின்பக்கத் தகட்டில் மட்டும் ஒன்றுகூட இல்லை என்பதை ஜான் ஹார்ஸ்மன் என்ற பொறியாளர் கவனித்தார். காற்று அங்கே படவே இல்லை என்று அர்த்தம். அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி வாலை உயர்த்தினார்கள், வண்டி அடங்கிவிட்டது. டானஹியூவுக்குப் பிற்பாடு அத்தனை புகழ் தந்த கார் குணமானது அந்த மைதானத்தில்தான். அவர் விழுந்ததும் அதே ஆஸ்திரிய மைதானத்தில்தான். ஒரு மனிதர் எவ்வளவு அளந்தாலும், அளக்காத இடம் ஒன்று எங்கோ மிச்சம் இருக்கிறது. அதற்காக அளப்பதை விடலாமா என்றால், கூடாது. அளந்ததால்தான் அவர் அத்தனை வருஷம் அத்தனை வண்டிகளை ஓட்டி உயிரோடு திரும்பினார்.

அடுத்த வருஷம், 1976-ல், அதே தடத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய பென்ஸ்கே கார் முதலிடம் வந்தது. பார்முலா ஒன்னில் அந்த அணி ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். டானஹியூவின் மகன் டேவிட் 2009-ல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார். அப்பா ஜெயித்து சரியாக 40 வருஷம். 24 மணி நேரம் ஓடிய பிறகு இரண்டாவது காருக்கும் அவர் காருக்கும் இருந்த இடைவெளி 0.167 விநாடி.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மாணவர்களே கார் செய்து ஓட்டும் போட்டிகள் இன்று நம் நாட்டிலும் வந்துவிட்டன. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் பார்முலா பாரத் நடந்திருக்கிறது. அதில் ஸ்கிட் பேட் ஒரு தனிப் போட்டி. எட்டு போட்ட மாதிரி இரண்டு வட்டம். எங்கள் காலத்தில் இந்த வாய்ப்பெல்லாம் கனவு. உங்கள் அணியில் நன்றாக ஓட்டுகிற பையன் ஒருவன் இருப்பான், நன்றாக எழுதி வைக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். தயவுசெய்து இரண்டு பேரையும் அடிக்கடி இடம் மாற்றி உட்கார வையுங்கள். மார்க்கில் நடுத்தரம் என்று தன்னைக் குறைவாக நினைத்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கும் டானஹியூவின் வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது. பிறவித் திறமையை நாம் கூட்டிக்கொள்ள முடியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒரு அளவு, நோட்டில் ஒரு வரி என்று உழைப்பது யாருக்கும் முடியும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் காரின் ஸ்கிட் பேட் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள். கோப்பை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நோட்டை நான் முதலில் பார்க்கிறேன்.

— பழைய மாணவன், மெக்கானிகல் பிரிவு